அந்த 21 நிமிஷத்தை யாரும் படம்பிடிக்காம இருந்திருந்தா?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக அங்கங்கே சுருக்கப்பட்டுள்ளது.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் கிடையாது, நான் மட்டும்தான். ராக் இசை பக்கமே போனதில்லைன்னாலும் தைரியமா கேளுங்க. பேருங்க தெரியலைன்னா ஒண்ணும் குறைஞ்சுடாது, போகப் போகப் பிடிபட்டுடும்.

எங்க டீம்ல ஒரு வாரமா ஒரு சண்டை ஓடிக்கிட்டு இருக்கு. யாரோ ஒருத்தர் 'மேடையில் உலகத்திலேயே சிறந்த ராக் பேண்டுகள்'னு ஒரு பத்திரிகைப் பட்டியலை வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டார். அவ்வளவுதான். குயீன் இல்லாம ஒரு லிஸ்டான்னு ஒருத்தன். லெட் செப்பலினை விட்டுட்டு என்ன பேச்சுன்னு இன்னொருத்தன். ஆளாளுக்கு யூடியூப் லிங்க்கா அனுப்பிக்கிட்டு இருந்தப்ப எங்க சீனியர் ஒருத்தர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல ஒரு பேண்டையாவது உங்கள்ல யாராவது நேர்ல பாத்திருக்கீங்களாப்பா?" குரூப் கப்சிப்.

கேள்வி நியாயமானதுதான். மெட்டாலிகா 2011-ல் பெங்களூருக்கு வந்தப்ப நான் ஸ்கூல்ல இருந்தேன், வீட்டுல கேக்கவே தைரியம் இல்லை. மத்த பெரிய பேருங்க பாதிப்பேர் நான் பிறக்கறதுக்கு முன்னாடியே கலைஞ்சுட்டாங்க. அப்போ லைவ் இசையைப் பத்திப் பேச எனக்கு என்ன அருகதை? இந்த எபிசோடே அதுக்கான பதில்தான். சுருக்கமா சொன்னா: அந்தப் பட்டியலுக்கு ஓட்டுப் போட்டவங்களுக்கு இருக்கிற அதே அருகதைதான். அவங்களும் பெரும்பாலும் அதே வீடியோவைத்தான் பாத்திருக்காங்க.

ஒரு உதாரணத்தை எடுத்துக்குவோம். 2005-ல் பிரிட்டனில் இசைக் கலைஞர்கள், பத்திரிகையாளர்கள், இசைத்துறை நிர்வாகிகள்னு அறுபதுக்கும் மேற்பட்டவங்ககிட்ட சேனல் 4 ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. வரலாற்றிலேயே சிறந்த ராக் நிகழ்ச்சி எது? ஜெயிச்சது குயீன், 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம், லைவ் எய்ட். அது பின்னுக்குத் தள்ளினதுல ரெண்டைச் சொல்றேன். ஒண்ணு 1969 வுட்ஸ்டாக்கில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். இன்னொண்ணு 1976-ல் மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ். இந்த மூணையும் கொஞ்சம் பிரிச்சுப் பாத்தாலே பட்டியல்கள் எதை அளக்குதுன்னு புரிஞ்சுடும்.

முதல்ல வுட்ஸ்டாக். எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. நிகழ்ச்சி ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சு ஞாயிறு ராத்திரி முடியணும். மழை, சேறு, தாமதம்னு எல்லாம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியா மேடை ஏற வேண்டிய ஹெண்ட்ரிக்ஸ் ஏறினப்ப திங்கட்கிழமை காலை 9 மணி வாக்கில் ஆகிவிட்டது. வந்திருந்தது சுமார் 4 லட்சம் பேர்னு சொல்வாங்க. அதுல பெரும் பகுதி அதுக்குள்ள வீட்டுக்குக் கிளம்பியாச்சு. திங்கட்கிழமை, வேலைக்குப் போகணும்ல. அவர் கூட வாசிச்ச குழுவும் சமீபத்துல சேர்ந்தது, சரியா ஒத்திகை இல்லை. ஆனா கேமராக்காரர்கள் கிளம்பலை. அவர் அமெரிக்க தேசிய கீதத்தை கிட்டார்ல கிழிச்சு வாசிச்சது 1970-ல் வந்த படத்துல இருக்கு. 'வுட்ஸ்டாக்'னு சொன்னதும் நம்ம கண்ணு முன்னாடி வர்ற காட்சியை, வுட்ஸ்டாக் போனவங்கள்ல பெரும்பாலானவங்க அங்க பாக்கவே இல்லை. தியேட்டர்லதான் பாத்தாங்க.

இப்ப அதே மேடையில இன்னொரு பேண்ட். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல், சுருக்கமா சி.சி.ஆர். 1969-ல் அமெரிக்காவில் அவங்களை மாதிரி ஹிட் கொடுத்தவங்க ரொம்பக் கம்மி. அந்த ஒரே வருஷத்துல மூணு ஆல்பம். வுட்ஸ்டாக்குக்கு முதலில் ஒப்புக்கொண்ட பெரிய பேரும் இவங்கதான். இவங்க முறை வந்தப்ப நள்ளிரவு தாண்டி ஞாயிற்றுக்கிழமை ஆயிடுச்சு. முன்னாடி வாசிச்ச கிரேட்ஃபுல் டெட் ஈர மேடையில கரண்ட் ஷாக் வாங்கிக்கிட்டு இழுத்துக்கிட்டே இருந்தாங்க. கூட்டம் தூங்கிக்கிட்டு இருந்துச்சுன்னு பாடகர் ஜான் ஃபோகர்டி பின்னாடி சொல்லியிருக்கார். அந்த ஆட்டம் அவருக்குத் திருப்தி இல்லை. படத்துல போட வேண்டாம்னுட்டார். போடலை. விளைவு? சி.சி.ஆர். வுட்ஸ்டாக்கில் வாசிச்சாங்கன்னே ரொம்பப் பேருக்குத் தெரியாது. அந்த ரெக்கார்டிங் முழு ஆல்பமா வெளியானது 2019-ல். ஐம்பது வருஷம் கழிச்சு. கேட்டுப் பாருங்க, மோசமெல்லாம் இல்லை. நல்லாவே இருக்கு.

ஒரே மேடை, ஒரே சேறு. ஒருத்தர் காவியம் ஆனார், இன்னொருத்தர் அடிக்குறிப்புகூட ஆகலை. ஹெண்ட்ரிக்ஸ் பெரிய கலைஞர், அதுல சந்தேகமே இல்லை. ஆனா இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி முழுசும் இசையால வந்ததுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்.

அடுத்து குயீன். எங்க டீம்ல குயீன் கட்சிக்காரன் ஒருத்தன் இருக்கான், அவன் கோவிச்சுக்கக் கூடாது. அந்த 21 நிமிஷம் அற்புதம். சாயங்காலம் ஆறே முக்கால் வாக்கில், இன்னும் வெயில் இருக்கு, லைட்டிங் ஜாலம் எதுவும் எடுபடாது. 72,000 பேர். அவங்கள்ல பலபேர் குயீனுக்காக டிக்கெட் வாங்கினவங்க இல்லை. 'ரேடியோ காகா'வுக்கு மொத்த ஸ்டேடியமும் ஒண்ணா கை தட்டுறதை எந்த எடிட்டராலயும் போலியா உருவாக்க முடியாது. இதுக்குப் பின்னாடி உழைப்பும் இருக்கு. கொடுத்த நேரம் ரொம்பக் குறைவுங்கிறதால பாட்டுகளை வெட்டி ஒட்டி ஒரே ஓட்டமா அமைச்சு, ஒரு தியேட்டரை எடுத்து நாள்கணக்கா ஒத்திகை பாத்தாங்க. போன வருஷத்துலேர்ந்து டூர்லயே இருந்ததால கை சூடாவே இருந்துச்சு. மத்தவங்க பலபேர் அவ்வளவு தயாரா வரலை.

அந்த 'மத்தவங்க'ல லெட் செப்பலினும் உண்டு. அதே நாள், அதே லைவ் எய்ட், ஆனா அமெரிக்கப் பக்கம், ஃபிலடெல்ஃபியா மேடை. டிரம்மர் ஜான் பானம் 1980-ல் இறந்த பிறகு மிச்சம் இருந்தவங்க முதல்முறையா ஒண்ணா மேடை ஏறினாங்க. டிரம்ஸுக்கு ரெண்டு பேர், ஃபில் காலின்ஸும் டோனி தாம்சனும். ஒத்திகை போதலை. பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தது, கிட்டார் சுருதி சேரலை. 2004-ல் லைவ் எய்ட் டிவிடி வந்தப்ப தங்களோட பகுதியைச் சேர்க்கவே கூடாதுன்னு மறுத்துட்டாங்க. சேர்க்கலை.

அப்புறம் 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கம். பானமோட பையன் ஜேசன் டிரம்ஸ்ல. இந்த முறை முறையா ஒத்திகை பாத்து, ரெண்டு மணி நேரத்துக்கும் மேல வாசிச்சாங்க. பிரமாதம். இதைப் படமாக்கி 2012-ல் தியேட்டர்லயே வெளியிட்டாங்க. தப்புன்னு சொல்லலை. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன். புரொடக்‌ஷன்ல உடைஞ்ச பில்டை எவன் டெமோவுல காட்டுவான்? ஆனா பட்டியல் போடுறவர் பாக்கிறது டெமோவை மட்டும்தான்.

மூணாவது, செக்ஸ் பிஸ்டல்ஸ். இதுதான் நான் இதுவரைக்கும் சொன்னதுக்கு எதிரா நிக்கிற உதாரணம். 1976 ஜூன் 4, மான்செஸ்டரில் ஃப்ரீ டிரேட் ஹால் கட்டடத்தோட மாடியில இருக்கிற சின்ன ஹால். டிக்கெட் 50 பென்ஸ். வந்தது சுமார் 40 பேர்னு கணக்கு. முழுப் படம் கிடையாது. அப்புறம் எப்படி லிஸ்ட்டுல ஏறிச்சு? அந்த 40 பேர் யாருன்னு பாக்கணும். பின்னாடி ஜாய் டிவிஷனை ஆரம்பிச்சவங்க அங்க இருந்தாங்க. பீட்டர் ஹுக் மறுநாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். ஸ்மித்ஸ் பாடகர் மாரிஸ்ஸி இருந்தார். நிகழ்ச்சியை ஏற்பாடு பண்ணினவங்களே பஸ்காக்ஸ் பேண்ட்காரங்க. கேமரா இல்லைன்னா என்ன, சாட்சிகள் எல்லாருமே பிற்காலத்துல பேட்டி கொடுக்கிற இடத்துக்கு வந்துட்டாங்க. நானும் அங்க இருந்தேன்னு சொன்னவங்களை எல்லாம் எண்ணினா அந்த ஹால்ல நிக்க இடம் இருந்திருக்காதுன்னு மான்செஸ்டர்ல ஒரு ஜோக்கே உண்டு. அன்னைக்கு அவங்க எப்படி வாசிச்சாங்கன்னு கேட்டா, சுமார்தான்னு அங்க இருந்தவங்களே சொல்லியிருக்காங்க. சுமாரா வாசிச்சதுதான் விஷயமே. இவங்களே மேடை ஏறலாம்னா நாம ஏறக்கூடாதான்னு அவங்களுக்குத் தோணிச்சு.

ஆக, ஒண்ணு படம் இருக்கணும், இல்லைன்னா பாத்தவங்களுக்குப் பின்னாடி மைக் கிடைக்கணும். இது ரெண்டும் இல்லாத ராத்திரிகள் எத்தனை ஆயிரம் இருந்திருக்கும்?

லைவ் ஆல்பங்கள் கதையும் கிட்டத்தட்ட இதேதான். தி ஹூ குழுவோட 'லைவ் அட் லீட்ஸ்' 1970-லேர்ந்து எந்தப் பட்டியலை எடுத்தாலும் மேலே இருக்கும். லீட்ஸ் பல்கலைக்கழகத்தோட சாப்பாட்டு ஹால்ல, பிப்ரவரி 14 அன்னைக்கு வாசிச்சது. ஏன் லீட்ஸ்? அதுக்கு முன்னாடி அமெரிக்க டூர்ல நிறைய டேப் எடுத்து வெச்சிருந்தாங்க. அத்தனையையும் யார் உக்காந்து கேக்கறதுன்னு எரிச்சுடச் சொல்லிட்டதா பீட் டவுன்சென்டே சொல்லியிருக்கார். நினைச்சுப் பாருங்க, கைவசம் இருந்த டேட்டா மொத்தமும் டெலீட். அப்புறம் லீட்ஸ்லயும் மறுநாள் ஹல் நகரத்துலயும் புதுசா ரெக்கார்ட் பண்ணாங்க. ஹல்லுல முதல் சில பாட்டுக்கு பேஸ் கிட்டார் சத்தம் டேப்புல ஏறலை. அதனால லீட்ஸ். ஒரு சேனல் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா நாம எல்லாரும் 'லைவ் அட் ஹல்' டிஷர்ட் போட்டுக்கிட்டு சுத்தியிருப்போமோ என்னவோ.

'லைவ்'ங்கிற வார்த்தையே கொஞ்சம் தளதளன்னுதான் இருக்கு. கிஸ் குழுவை நட்சத்திரமாக்கின 1975-ஆம் ஆண்டு 'அலைவ்!' ஆல்பத்துல ஸ்டுடியோவுல நிறைய திருத்தி இருக்காங்க. அதை அவங்களே ஒத்துக்கிட்டாச்சு. தின் லிஸ்ஸியோட 1978 லைவ் ஆல்பத்துல முக்கால்வாசி ஸ்டுடியோவில் மறுபடி வாசிச்சதுன்னு தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொல்றார். இல்லவே இல்லை, முக்கால்வாசி லைவ்தான்னு பேண்ட் தரப்பு சொல்லுது. ரெண்டு பேருமே முக்கால்னுதான் சொல்றாங்க. எந்த முக்கால்ங்கிறதுதான் பஞ்சாயத்து.

சரி, எல்லாத்தையும் பதிவு பண்ணிட்டா பிரச்சினை தீர்ந்துடுமா? அதுக்கும் ஒரு சோதனை நடந்திருக்கு. கிரேட்ஃபுல் டெட் 1965-லேர்ந்து 1995 வரைக்கும் சுமார் 2,300 நிகழ்ச்சி வாசிச்சாங்க. ரசிகர்கள் ரெக்கார்ட் பண்ணிக்கலாம், காசு வாங்காம மாத்திக்கலாம்னு விட்டாங்க. 1984-லேர்ந்து அதுக்குன்னு தனியா இடமே ஒதுக்கினாங்க. ஆக டேட்டா ஏராளம். ஆனாலும் ரசிகர்கள் திரும்பத் திரும்ப ஒரே நிகழ்ச்சிக்குத்தான் வருவாங்க: 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகம். உண்மையிலேயே நல்ல நிகழ்ச்சிதான். ஆனா பெட்டி கேன்டர்-ஜாக்ஸன்னு அவங்க சவுண்ட் இன்ஜினியர் எடுத்த டேப் அவ்வளவு தெளிவா இருந்ததும், அது சீக்கிரமா கைமாறிப் பரவினதும் அந்தப் புகழுக்குக் காரணம்னு டெட் ரசிகர்களே சண்டை போடுவாங்க. அந்த மாசமே இதைவிட நல்ல ராத்திரி இருந்துச்சுன்னு ஒரு கோஷ்டி உண்டு. எனக்கு அந்தக் கோஷ்டிமேல ஒரு மரியாதை. மொத்தத்தையும் கேட்டுட்டுப் பேசுறாங்க பாருங்க.

இதெல்லாம் வெறும் ரசிகர் சண்டைன்னா இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டேன். இதுல நிஜமாவே நஷ்டப்பட்டவங்க இருக்காங்க. சிஸ்டர் ரோசெட்டா தார்ப். 1915-ல் பிறந்த கறுப்பினப் பெண். தேவாலயப் பாட்டு பாடிக்கிட்டே எலெக்ட்ரிக் கிட்டார்ல ராக் அண்ட் ரோல் வாசிச்சவர், அதுக்கு அந்தப் பேரே வர்றதுக்கு முன்னாடி. 1951-ல் வாஷிங்டனில் கிரிஃபித் ஸ்டேடியத்தில் தன்னோட கல்யாணத்தையே டிக்கெட் போட்டு நடத்தி, கல்யாணம் முடிஞ்ச கையோட வாசிச்சார். வந்தது 20,000 பேருக்கும் மேல. பீட்டில்ஸ் ஷே ஸ்டேடியத்துல வாசிச்சது அதுக்கு 14 வருஷம் கழிச்சு. 'ஸ்டேடியம் ராக்'னு ஒரு பட்டியல் போட்டா இவர் பேர் எங்க வரணும் சொல்லுங்க? எங்கயும் வந்ததில்லை.

என் வயசுக்காரங்களுக்கு அவரைத் தெரியுதுன்னா காரணம் ஒரே ஒரு துண்டுப் படம். 1964-ல் மான்செஸ்டர்ல கைவிடப்பட்ட ஒரு ரயில்வே ஸ்டேஷன்ல கிரனாடா டிவி எடுத்தது. ஒரு பிளாட்பாரத்துல கூட்டம், எதிர் பிளாட்பாரத்துல மேடை. குதிரை வண்டியில வந்து இறங்கி, மழை ஈரத்துல நின்னு, கோட்டு மேல கிட்டாரை மாட்டிக்கிட்டு அந்த அம்மா வாசிக்கிறதைப் பாருங்க. அவர் இறந்தது 1973. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தது 2018. அந்தத் துண்டுப் படம் மட்டும் அழிஞ்சு போயிருந்தா இப்ப நான் இந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு இருந்திருப்பேனான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. அப்படி அழிஞ்சுபோன இன்னொருத்தர் பேரை நான் சொல்லலை, கவனிங்க. சொல்லவும் முடியாது.

சரி, பட்டியலே வேண்டாமா? வேணும். சண்டை போட ஒரு சாக்கு வேணாமா? ஆனா என்ன கேக்கறோம்னு தெளிவா இருக்கணும். நான் பேக்கெண்ட் ஆள். ஒரு சர்வீஸ் எவ்வளவு வேகம்னு கேட்டா, அதோட மிக வேகமான ரெஸ்பான்ஸை எடுத்துக் காட்டினா மீட்டிங்ல சிரிப்பாங்க. நூறு ரிக்வெஸ்ட்டுல கடைசியா வந்த அந்த ஒண்ணு எவ்வளவு நேரம் எடுத்துச்சுன்னுதான் கேப்பாங்க. ஏன்னா அந்த ஒரு ஆள்தான் கஸ்டமர் கேருக்கு போன் பண்ணுவார். 'எல்லாக் காலத்துக்குமான சிறந்த லைவ் பேண்ட்' பட்டியல் எல்லாம் உச்சத்தை மட்டும் அளக்குது. லைவ் எய்ட் ஒரு உச்சம். டிக்கெட் வாங்கினவனுக்குத் தேவை வேற. ஏதோ ஒரு ஊர்ல, ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, பேண்டுக்கு ஜலதோஷமா இருக்கிற நாள்ல என்ன கிடைக்கும்?

அந்தக் கணக்குல ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2013-ல் போட்ட பட்டியலை நான் கொஞ்சம் மதிக்கிறேன். அது 'இப்போது மேடையில் இருப்பவர்களில் சிறந்த 50'. முதல் இடம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ரெண்டாவது பிரின்ஸ். 'இப்போது'ங்கிற ஒரு வார்த்தை எவ்வளவு வேலை செய்யுது பாருங்க. ஓட்டுப் போட்டவர் தப்பா சொன்னா, படிக்கிறவர் அடுத்த மாசமே டிக்கெட் எடுத்துப் போய்ச் சரிபார்க்கலாம். ஸ்பிரிங்ஸ்டீன் முதல் இடத்துக்கு வந்ததும் ஒரே ஒரு ராத்திரியை வெச்சு இல்லை. ஒவ்வொரு ஊர்லயும் பாட்டு வரிசையை மாத்துவார், கூட்டத்துல பிடிக்கிற அட்டையைப் பாத்து அதுல கேட்டிருக்கிற பாட்டை வாசிப்பார். 2012 ஜூலை 31 ஹெல்சிங்கியில 4 மணி 6 நிமிஷம் வாசிச்சார். 62 வயசுல. நான் அந்த வயசுல நாலு மணி நேரம் நின்னாலே சாதனை.

என் ஓட்டு யாருக்குன்னு கேட்டா, ரமோன்ஸ். ஆமா, சிரிங்க. மூணே மூணு கார்டு, லெதர் ஜாக்கெட், ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டுக்கு எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. 1974-லேர்ந்து 1996 வரைக்கும் 2,263 நிகழ்ச்சி. 1977 டிசம்பர் 31 அன்னைக்கு லண்டன் ரெயின்போ தியேட்டர்ல எடுத்த லைவ் ஆல்பத்துல 28 பாட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். உலகமே திரும்பிப் பாத்த ஒரு ராத்திரின்னு அவங்களுக்கு எதுவும் கிடையாது. பாடகரும் கிட்டாரிஸ்டும் பல வருஷம் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே இல்லை, வேன்ல ஒண்ணா போய் வந்து வாசிச்சாங்க. வேலைன்னா அது. எங்க டீம்லயே அப்படி ரெண்டு பேர் இருக்காங்க, ரிலீஸ் மட்டும் கரெக்டா போகும்.

இதை எதிர்த்து ஒரு வாதம் வரும்னு தெரியும். கலையை சர்வர் மாதிரி அளக்கலாமா, மனுஷன் உச்சத்தைத்தானே ஞாபகம் வெச்சுக்கறான்? ஒத்துக்கறேன். ஹெண்ட்ரிக்ஸ் வாசிச்ச அந்தத் தேசிய கீதத்துக்காக 2,263 ரமோன்ஸ் நிகழ்ச்சியையும் விட்டுக் கொடுக்கிறவங்க இருப்பாங்க. அதுவும் நல்ல ரசனைதான். அப்போ பட்டியலுக்கு 'சிறந்த லைவ் பேண்ட்'னு பேர் வைக்காம 'நமக்குப் படமாக் கிடைச்ச சிறந்த ராத்திரிகள்'னு வைங்க, எனக்குச் சண்டையே இல்லை.

அடுத்த முறை இப்படி ஒரு லிஸ்ட் உங்க குரூப்புக்கு வந்தா, முதல் பத்துல எத்தனை பேருக்கு அதிகாரபூர்வமான கான்சர்ட் படமோ லைவ் ஆல்பமோ இருக்குன்னு எண்ணிப் பாத்துட்டு எனக்கு அனுப்புங்க. நேர்ல பாத்த ஏதாவது ஒரு பேண்ட், எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி, யாரும் ரெக்கார்ட் பண்ணாத ராத்திரியா இருந்தா ரொம்ப நல்லது, அதையும் வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. எந்த ஊர், எத்தனை பேர் இருந்தாங்க, மூணாவது பாட்டுல என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. பத்துப் பதினைஞ்சு சேர்ந்தா அதையே ஒரு எபிசோடா போட்டுடலாம். அதுவரைக்கும், தி ஹூவோட ஹல் ரெக்கார்டிங் 2010-ல் வெளியாயிடுச்சு. டேப்புல இல்லாத பேஸ் சத்தத்தை லீட்ஸ் டேப்புலேர்ந்து எடுத்து ஒட்டியிருக்காங்க. அதை முதல்ல கேட்டுட்டு அப்புறம் லீட்ஸ் கேளுங்க. நான் ஹல் கட்சி.